சீட்டு நம்முடையது, தரகு யாருடையது?

சென்னை ஐகோர்ட்டின் உத்தரவுப்படி, 2024ம் வருஷம் மே மாதம் 7ந் தேதி முதல், நீலகிரி ஜில்லாவுக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்வோர் இணையத்தின் மூலம் இ-பாஸ் என்னும் மின்சீட்டுப் பெற்றுக்கொண்டே மலையேற வேண்டும் என்ற நிபந்தனை அமுலுக்கு வந்தது நேயர்கள் அறிந்ததே. அவ்வருஷம் சீட்டுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. 2025ம் வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் முடிய வரம்பும் வந்து சேர்ந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் தினம் 6,000 வாகனங்கள், வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. இதன்மேல் நீலகிரி வியாபாரிகள் 2025 ஏப்ரல் 2ந் தேதி கடையடைப்பு நடத்தினர். மரத்துக்கும் மண்ணுக்கும் பரிந்து பேசுவோர் உத்தரவைப் போற்றினர். பத்திரிகைகளும் இரண்டாகப் பிரிந்து நின்று வாதாடின. இவ்வளவு ஆரவாரத்திலும் ஒரு விஷயத்தை எந்தக் கக்ஷியாரும் எடுத்துப் பேசவில்லை. அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

முதலில், கட்டுப்பாடு வேண்டுமா என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டு மேலே செல்வோம். வேண்டும் என்பதே நமது கருத்து. 2011ம் வருஷத்து ஜனக்கணிதப்படி நீலகிரி ஜில்லா முழுவதிலும் வசிக்கும் மக்கள் 7,35,394 பேர். அந்தச் சிறு ஜில்லாவுக்குள் கோடைக் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைவதாகச் சர்க்காரே ஐகோர்ட்டில் கணக்குக் கொடுத்தது. இரண்டு சாலைகளும் சில கொண்டையூசி வளைவுகளும் தாங்கக்கூடிய பாரமா இது? 2009ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மலை சரிந்து குடிசைகளையும் குடும்பங்களையும் புதைத்த கொடுமையை அம்மக்கள் இன்னும் மறக்கவில்லை. மலைக்கு எத்தனை பாரம் தகும் என்பதை ஆராயும்படி சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மும் நியமிக்கப்பட்டது முறையான காரியமே.

உதகமண்டலத்துக்கும் அதிகாரத்துக்குமுள்ள சம்பந்தம் பழையது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் துரை 1820களில் அங்கே வீடு கட்டிக் குடியேறிய பின், வெள்ளையர் ஆட்சி அதைத் தன் கோடை வாசஸ்தலமாக ஆக்கிக்கொண்டது. கவர்னரும், காரியதரிசிகளும், கட்டுக் கட்டாய்த் தஸ்தாவேஜுகளும் வெயில் தொடங்கியதும் மலையேறிவிடுவதையும், மனுக் கொடுக்க வேண்டிய குடியானவன் சமவெளியில் வியர்த்து நிற்பதையும் அக்காலத்துச் சுதேசப் பத்திரிகைகள் வருஷந்தோறும் கண்டித்தன. இன்று நிலைமை மாறியிருக்கிறது. குடியானவனின் பேரன் குடும்பத்தோடு மலையேறுகிறான். அவனுக்கும் குளிர்ந்த காற்றில் உரிமை உண்டு. ஆனால் அவன் எல்லோரும் ஒரே நாளில் ஒரே வழியாக ஏறினால் காற்றும் குளிர்ச்சியும் மிஞ்சா. ஆகவே வரம்பு வேண்டியதுதான்.

சட்டமும் இதற்கு இடங்கொடுக்கிறது. பாரத தேசத்தின் எப்பகுதிக்கும் தடையின்றிச் சென்று வரும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19(1)(டி) பிரிவு ஒவ்வொரு பிரஜைக்கும் அளிக்கிறது. அதே 19வது பிரிவின் 5வது உட்பிரிவு, பொதுஜன நன்மைக்காகவோ, பழங்குடி மக்களின் நலத்தைக் காப்பதற்காகவோ, அவ்வுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினரும் வாழும் மலை நீலகிரி. ஆதலின் அங்கே விதிக்கப்படும் வரம்பு இவ்வுட்பிரிவின் நிழலில் நிற்கத் தகுந்ததே. ஆனால் சட்டம் பயின்றவன் அடுத்து ஒரு கேள்வி கேட்பான். வரம்பினால் யாருடைய நலம் காக்கப்பட வேண்டுமோ அவர்களுக்கு இதனால் வந்து சேர்ந்தது என்ன? வழிமறிக்கும் கயிறு ஒன்று மலையடிவாரத்தில் கட்டப்பட்டது. மலைமேல் வாழ்வோனின் அடுப்பில் அதனால் ஏதேனும் எரிகிறதா?

மின்சீட்டுக்கு மனுச் செய்பவனிடம் சர்க்கார் கேட்கும் விவரங்களைப் பாருங்கள். வாகனம் என்ன வகை, எத்தனை பேர், எந்த நாளில் வருகிறார்கள், ஒரே நாளில் திரும்புகிறார்களா, தங்குகிறார்களா, தங்கினால் எத்தனை நாள், எந்த இடத்தில்? இவ்விவரங்களைத் திரட்டும்படி ஐகோர்ட்டே உத்தரவிட்டது. உதகையில் ஐம்பது வருஷமாக விடுதி நடத்தும் பழுத்த வியாபாரிகூட, நாளை எத்தனை குடும்பம் வரும் என்று வானத்தைப் பார்த்தும் வாசலைப் பார்த்தும் ஊகித்துக்கொண்டிருக்கிறான். சர்க்காரோ, அடுத்த வாரம் வரப்போகிறவர்களின் ஜாபிதாவைத் தன் கையில் வைத்திருக்கிறது. எந்தப் பன்னாட்டுக் கம்பெனியும் கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவிட்டாலும் பெற முடியாத பேரேடு அது. பிரயாணி தானே வந்து, தன் பெயரைத் தானே எழுதி, சர்க்காரின் வாசலில் நிற்கிறான். அந்த வாசலில் சர்க்கார் அவனுக்குக் கொடுப்பது கட்டங்கட்டமான ஒரு சின்னத்தை மட்டுமே. சோதனைச் சாவடியில் அதைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறது.

சீட்டைப் பெற்ற பிரயாணி அடுத்த நிமிஷம் என்ன செய்கிறான்? அதே கைபேசியில் வேறு பக்கத்தைத் திறந்து, தரகுக் கம்பெனி ஒன்றின் மூலம் அறையை அமர்த்துகிறான். ஒன்றுக்குத் தலைமைக் காரியாலயம் ஆம்ஸ்டர்டாம், மற்றொன்றுக்கு ஸான்பிரான்சிஸ்கோ. நம் தேசத்தில் தோன்றிய கம்பெனியின் பங்குகளும் 2010ம் வருஷம் முதல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில்தான் விலை போகின்றன. இவர்கள் மலையில் ஒரு செங்கல் வைத்தவர்கள் அல்லர். ஒரு போர்வை துவைத்தவர்கள் அல்லர். ஆயினும் வாடகையில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் என்பது இத்தொழிலில் சாதாரணத் தரகு. அதற்கு மேலும் வாங்குவதுண்டு.

கணக்குக்காக ஒரு சிறு விடுதியை எடுத்துக்கொள்வோம். பத்து அறைகள், அறைக்கு நாள் வாடகை 2,000 ரூபாய், வருஷத்தில் நூறு நாள் நிறைகிறது, அத்தனை பேரும் தரகுக் கம்பெனி வழியாகவே வருகிறார்கள். அறைக்கு 300 ரூபாய் வீதம் தரகு வருஷத்தில் 3,00,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22ந் தேதி முதல் இத்தகைய அறைக்குச் சர்க்கார் விதிக்கும் ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு ஐந்து; அதாவது 100 ரூபாய். சாலை போட்டு, போலீஸ் வைத்து, குப்பை வாரி, மலை சரிந்தால் மண்ணை அள்ளும் ராஜாங்கத்துக்கு 100. எங்கோ உட்கார்ந்து படத்தைக் காட்டுகிறவனுக்கு 300! வரி அதிகம் என்று கூக்குரலிடும் நம் வியாபாரிகள் இம்மூன்று மடங்கு கப்பத்தைப் பற்றி வாய் திறவாதிருப்பது விந்தையிலும் விந்தை. தாதாபாய் நவுரோஜி இத்தேசத்தின் செல்வம் வெளியே வடிந்தோடுகிறதென்று ஆதாரங்களோடு எடுத்துக் காட்டினார். அன்று வடிந்த வாய்க்கால் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அது கண்ணாடி இழைக்குள் ஓடுகிறது.

தரகு வாங்குவதோடு நிற்பதுமில்லை. நமது தேசத்துப் போட்டிக் கமிஷன் 2022ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பிறப்பித்த உத்தரவை வாசித்துப் பார்ப்பது நலம். மேக்மைட்ரிப்-கோஐபிபோ கம்பெனிக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோ கம்பெனிக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. கமிஷன் கண்ட குற்றங்களில் முக்கியமானது, விடுதிக்காரன் தன் அறையைத் தன் சொந்த இணையப் பக்கத்தில்கூடக் குறைந்த விலைக்கு விற்கக் கூடாதென்று ஒப்பந்தத்தால் கட்டிப் போட்டிருந்தது. கம்பெனிகள் அப்பீலுக்குச் சென்றன. அப்பீலின் கதி எதுவாயினும், சரக்குக்குச் சொந்தக்காரன் சரக்குக்கு விலை வைக்கக் கூடாதென்ற நிபந்தனை நம் தேசத்து வியாபார உலகில் நுழைந்துவிட்டது என்பது வெளிப்பட்டுவிட்டது. பிரான்ஸ் தேசத்தார் 2015ம் வருஷத்திலேயே ஹோட்டல் விஷயத்தில் இத்தகைய நிபந்தனை செல்லாதென்று சட்டஞ் செய்தனர். சுற்றுலாவினால் வாழும் அத்தேசத்துக்குத் தோன்றிய புத்தி நமக்கும் தோன்றியிருக்கலாம்.

தூத்துக்குடியில் வக்கீல் தொழில் செய்துவந்த ஒருவர் 1906ம் வருஷம் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஏற்படுத்தியபோது, அந்நியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பின்னும் குறைத்தது, இலவசமாகவே ஏற்றிச் செல்வதாயும், குடை ஒன்று இனாம் தருவதாயுங்கூட ஆசை காட்டியதென்று சொல்லப்படுகிறது. தள்ளுபடி, கூப்பன், பணம் திரும்பப் பெறும் சலுகை என்று இன்று கைபேசியில் மின்னுவனவெல்லாம் அந்தக் குடையின் வம்சமே. குடையின் விலை பிற்பாடு யாரிடம் வசூலாகும் என்பதைச் சிதம்பரம் பிள்ளை அறிந்திருந்தார். ஆனால் ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். அவருக்கு எதிரே கலெக்டரும் போலீஸும் சிறைச்சாலையும் நின்றன. நமக்கோ சர்க்கார் நம்முடையது, சட்டசபை நம்முடையது, கணினியும் கம்பியும் நம் வரிப்பணத்தில் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டன. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஒளியிழைக் கம்பி கொண்டுசெல்வது என்பது சர்க்காரின் சொந்தத் திட்டம். இவ்வளவும் இருந்தும் கப்பல் விடாதிருப்பதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஆகவே நாம் கோருவது இது. மின்சீட்டு வழங்கும் அதே பக்கத்தில், சீட்டு வழங்கப்படும் அதே தருணத்தில், மலையில் முறைப்படி லைசென்சு பெற்ற ஒவ்வொரு விடுதியும், வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு வாடகைக் காரும் ஜீப்பும், வழிகாட்டியும் வரிசையாகத் தெரிய வேண்டும். விலையை அவரவர் வைக்கட்டும். பணம் பிரயாணியிடமிருந்து நேரே உடையவனுக்குச் செல்லட்டும். சர்க்கார் நூற்றுக்கு இத்தனை என்று தரகு எடுக்கக் கூடாது. சோதனைச் சாவடியை நடத்தும் ராஜாங்கம் அதன் பக்கத்தில் ஒரு சந்தைக் கொட்டகையையும் போடட்டும் என்பதே நமது பிரார்த்தனை.

சர்க்கார் வியாபாரம் செய்தால் உருப்படுமா என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. 1971ம் வருஷம் முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஹோட்டல்கள் நடத்துகிறது. அறைகளை இணையத்தில் அமர்த்தவும் வசதி இருக்கிறது. அந்த ஹோட்டல்களைப் பற்றி நேயர்களுக்குச் சொந்த அனுபவங்கள் இருக்கும். நாம் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. நாம் கேட்பதோ சர்க்கார் இன்னும் பத்து ஹோட்டல் கட்ட வேண்டுமென்றல்ல. கிராமத்துச் சந்தையில் பஞ்சாயத்து கொட்டகை போடுகிறது, நிறைகல்லைச் சரிபார்க்கிறது, சொற்ப சுங்கம் வசூலிக்கிறது. கத்தரிக்காய்க்கு விலை வைப்பதில்லை. கத்தரிக்காய் விற்கவும் உட்காருவதில்லை. இந்த அளவே இங்கும் வேண்டுவது.

இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்குச் சான்றுகள் நம் கண்முன்னேயே உள. 2016ம் வருஷம் ஏற்பட்ட யு.பி.ஐ. என்னும் பணமாற்று முறையைப் பாருங்கள். கீரைக்காரியின் கூடையிலும் சதுரச் சின்னம் தொங்குகிறது. 2020ம் வருஷம் ஜனவரி முதல் வியாபாரியிடம் அதற்குக் கட்டணம் கிடையாது. பெங்களூரில் 2022ம் வருஷம் ஆட்டோ ஓட்டுநர்கள் சேர்ந்து ஆதரித்த நம்ம யாத்ரி என்னும் செயலி, சவாரிக்குச் சவாரி சதவீதம் பிடிக்காமல், சிறு நிர்ணயக் கட்டணத்தோடு நிற்கிறது. கேரளத்தில் குமரகம் என்ற காயலோரக் கிராமத்தில் 2008ம் வருஷம் தொடங்கிய திட்டத்தின்படி, பெரிய ஹோட்டல்கள் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளைக் குடும்பஸ்ரீ ஸ்திரீகளின் குழுக்கள் மூலம் உள்ளூரிலேயே வாங்க ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? குன்னூரில் தேயிலை ஏலமே மின்திரையில் நடக்கிறது. தேயிலைக்குத் திரை போட முடிந்த மலையில், தேயிலை கிள்ளுகிறவளின் வீட்டுத் திண்ணையறைக்குத் திரை போட முடியாதா?

தோடர் பெண்களின் கருஞ்சிவப்புப் பூத்தையலுக்கு 2013ம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ம் வருஷம் கிடைத்தது. குறியீடு கிடைத்த அன்று பத்திரிகைகளில் படம் வந்தது. மந்திரிகள் மகிழ்ச்சி தெரிவித்தனர். பிறகு? பூத்தையல் போட்ட சால்வை மாதிரி ஒன்றை யந்திரத்தில் நெய்து விற்றால் வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மலையேறும் ஒவ்வொருவனும் கட்டாயம் பார்த்தாக வேண்டிய ஒரே பக்கம் சர்க்காரின் சீட்டுப் பக்கம். அசல் சால்வை எந்த மந்தில், எந்தக் கூட்டுறவுக் கடையில் கிடைக்கும் என்று அங்கே நாலு வரி எழுதினால் ஆகும் செலவு எவ்வளவு? இணையத்தின் மூலம் வியாபாரம் செய்வதும் 19(1)(ஜி) பிரிவின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரி 10ந் தேதி அனுராதா பசீன் வழக்கில் தீர்ப்புக் கூறியது. உரிமை இருக்கிறது, கடை வைக்க இடந்தான் இல்லை.

அந்தப் பக்கத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது மற்றொன்றும் உண்டு. சர்க்கார் பஸ்ஸிலும் ரயிலிலும் செல்வோருக்கு மின்சீட்டு வேண்டியதில்லை. காரை மேட்டுப்பாளையத்தில் விட்டு பஸ் ஏறுகிறவனை எவனும் மறிப்பதில்லை; மலைக்கும் அவனால் பாரமில்லை. இதைப் பெரிய எழுத்தில் முதலில் சொல்லி, மேட்டுப்பாளையத்திலிருந்து எந்த மணிக்கு எந்த பஸ், மேலே சுற்றிப் பார்க்க எந்த வண்டி, வாடகை எவ்வளவு என்று கீழே காட்டினால், எண்ணிக்கை வரம்பினால் சாதிக்க நினைத்ததில் ஒரு பகுதி பலாத்காரமின்றியே சித்திக்கும். உள்ளூர் ஜீப்காரனுக்கும் சவாரி கிடைக்கும். மறிப்பதைக் காட்டிலும் வழி சொல்வது ராஜாங்கத்துக்கு அழகு.

வரம்பு ஏற்பட்ட இடத்தில் தரகன் முளைப்பான் என்பதை 2020ம் வருஷம் நமக்குக் கற்பித்தது. கொரோனா நோய்க் காலத்தில் ஜில்லா விட்டு ஜில்லா போக இ-பாஸ் வேண்டியிருந்தது. மனுக்கள் காரணமின்றித் தள்ளப்பட்டன. தாயின் ஈமக்கடனுக்குப் போக வேண்டியவன் தவித்தான். பணங்கொடுத்தவனுக்குச் சீட்டு வாங்கித் தரும் ஆசாமிகள் தோன்றினர். கடைசியில் ஆகஸ்ட் 17ந் தேதி முதல் கேட்டவர் எல்லோருக்கும் உடனே சீட்டு என்று உத்தரவாயிற்று. செப்டம்பரில் ராஜ்யத்துக்குள் பிரயாணத்துக்குச் சீட்டே எடுபட்டது. சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி கொடான் என்பார்கள். இங்கே பூசாரி கணினிக்குள் உட்கார்ந்திருந்தான். 6,000 சீட்டு என்று வரம்பு கட்டினால், அதில் எத்தனை யாருக்குப் போயிற்று, மிச்சம் எத்தனை என்பதை மணிக்கு மணி பொதுஜனங்கள் காண வெளியிட வேண்டும். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். எண்ணை மறைத்த வரம்பு லஞ்சத்துக்கு நாற்றங்கால்.

பெயர்களை வேண்டாமென்றது காரணத்தோடுதான். எந்தக் குடும்பம் எந்த நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறது என்ற ஜாபிதா தப்பான கையில் சிக்கினால் விளையும் அனர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017ம் வருஷம் ஒன்பது நியாயாதிபதிகள் கூடிச் சொல்லிவிட்டது. பார்லிமெண்டும் 2023ம் வருஷம் தனிநபர் விவரங்களைக் காக்கச் சட்டஞ் செய்தது. நாம் கேட்கும் சந்தையில் விடுதிக்காரன் பிரயாணிக்குத் தெரிய வேண்டும். பிரயாணி தானே தேர்ந்தாலன்றி விடுதிக்காரனுக்குத் தெரியக் கூடாது. பிரயாணம் முடிந்து குறித்த நாளுக்குள் விவரங்கள் அழிக்கப்பட வேண்டும்.

இனி, கைபேசி இல்லாதவனின் விஷயம். பழனிக்கு நடந்து வந்த முதியவர், பேத்தியோடு வாடகை வேனில் கொடைக்கானலையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று நினைக்கிறார். அவரிடமுள்ள கைபேசியில் பேச மட்டுமே முடியும். சோதனைச் சாவடியில் அவரைத் திருப்பி அனுப்பும் உத்தியோகஸ்தர், இணையத்தில் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்கிறார். இது பதிலா? அடிவாரத்தில் ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு குமாஸ்தா. கட்டணமின்றி அங்கேயே சீட்டு எழுதிக் கொடுப்பது சர்க்காரின் கடமை. சலுகையாக இதைக் கேட்கவில்லை. கண்ணைச் சிமிட்டு என்று கணினி கேட்கிறது. திராவகம் வீசப்பட்டு முகம் வெந்தவர்களும் பார்வையற்றவர்களும் எப்படிச் சிமிட்டுவார்கள் என்ற வழக்கில், 2025 ஏப்ரல் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட் கூறிய தீர்ப்பில், மின்வழிச் சேவைகளை அடையும் வாய்ப்பும் 21வது பிரிவு அளிக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று கண்டது. வழியடைக்கும் கணினியை வைக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இருக்குமானால், வழிதிறக்கும் மனிதனை அதன் பக்கத்தில் வைக்கும் பொறுப்பும் சர்க்காரையே சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு வேடிக்கையைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. மாமல்லபுரத்துச் சின்னங்களைப் பார்க்கத் தொல்பொருள் இலாகாவின் சீட்டு 40 ரூபாய். இணையத்தில் வாங்கினால் 35. குமாஸ்தாவின் வேலையை மிச்சப்படுத்தியதற்கு 5 ரூபாய் தள்ளுபடி, நியாயம். ரயில் டிக்கெட்டை இணையத்தில் வாங்கினாலோ, 2019 செப்டம்பர் முதல், வசதிக் கட்டணம் என்று சாதாரண வகுப்புக்கு 15 ரூபாயும் குளிர்சாதன வகுப்புக்கு 30 ரூபாயும், அதன்மேல் வரியும் விதிக்கப்பட்டன. குமாஸ்தாவின் வேலையைத் தானே செய்து முடித்தவனுக்கு அபராதம்! இரண்டும் ஒரே மத்திய சர்க்காரின் கீழுள்ள ஸ்தாபனங்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருப்பது தான தர்மத்தில்தான் சிறப்பு.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956ம் வருஷம் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. 1999ம் வருஷம் சென்னையில் கூடிய மகாநாட்டின் பயனாகக் கணினியில் தமிழ் எழுதுவதற்குப் பொது விசைப்பலகை ஏற்பட்டது. ஆகவே சட்டமும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. சர்க்கார் பக்கங்களில் காணும் தமிழோ பல சமயங்களில் இங்கிலீஷ் படிவத்தை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தெழுதியதாய், இங்கிலீஷ் அறிந்தவன் மட்டுமே பொருள் கண்டுபிடிக்கக்கூடியதாய் இருக்கிறது. "எங்கே தங்கப் போகிறீர்கள்?" என்று ஒரு தாய் கேட்பது போலக் கேட்டால் யாருக்கும் விளங்கும். நீலகிரிக்கு மலையாளத்தாரும் கன்னடத்தாரும் தமிழரைப் போலவே வருகிறார்கள். கூடலூர் எல்லையில் மூன்று பாஷையும் ஒரே டீக்கடையில் ஒலிக்கின்றன. அவர்கள் பாஷைகளிலும் அந்தப் பக்கம் இருக்கட்டும். விருந்தினனை அவன் பாஷையில் வரவேற்பதால் தமிழுக்குக் குறைவு வந்துவிடாது.

வியாபாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டே வேண்டாம், முன்போல் திறந்துவிடுங்கள் என்ற கோரிக்கை நிற்காது. 20,000 வாகனம் வந்த நாட்களில் சாலையிலேயே பொழுதைக் கழித்துவிட்டு, கடையில் ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் இறங்கிய பிரயாணிகளை அவர்களே பார்த்திருக்கிறார்கள். வருகிறவன் குறைவாக வந்தாலும், இரண்டு நாள் தங்கி, தரகின்றி அறை அமர்த்தி, உள்ளூர் வண்டியில் சுற்றி, அசல் சரக்கை வாங்கிப் போவானாகில் மலைக்கு லாபம் எதில் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கடையடைப்புக்குக் காட்டிய ஒற்றுமையில் பாதியை, தங்கள் விடுதிகளின் பெயரையும் விலையையும் திரட்டிக் கலெக்டரிடம் ஒப்படைப்பதில் காட்டினால், இலாகா சும்மாயிருக்க முடியாது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. சுற்றுலா இலாகாவும் மின் ஆளுமை முகமையும் ஜில்லா நிர்வாகமும் சேர்ந்து ஓர் அரசாணையினால் செய்யக்கூடிய வேலை. லைசென்சு ஜாபிதா உள்ளாட்சி மன்றங்களிடம் இருக்கிறது. வாகனங்களின் ஜாபிதா போக்குவரத்து இலாகாவில் இருக்கிறது. பிரயாணிகள் வந்து நிற்கும் வாசல் முகமையிடம் இருக்கிறது. மூன்று அலமாரிச் சாவியும் ஒரே எஜமானனிடம் இருக்கையில் கதவைத் திறக்கக் கமிட்டி எதற்கு? சுற்றுலா மானியக் கோரிக்கை சட்டசபையில் வரும்போது இதைக் கேட்கும்படி அவரவர் தொகுதி அங்கத்தினர்களுக்கு நேயர்கள் எழுத வேண்டும். உதகையிலும் திண்டுக்கல்லிலும் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் காரியாலயத்தில் குறைகேட்கும் நாள் நடக்கிறது. மனுவில் மூன்று கோரிக்கைகள் எழுதினால் போதும்: சீட்டுப் பக்கத்தில் தரகில்லாத சந்தை, அடிவாரத்தில் கட்டணமில்லாத மேஜை, மணிக்கு மணி வெளியாகும் எண்ணிக்கை. மனுவின் நகலை நமக்கும் அனுப்பினால், கிடைத்த பதில்களைத் தேதிவாரியாக இப்பக்கத்தில் பிரசுரிப்போம்; பதில் வராத மனுக்களையும் பிரசுரிப்போம்.